பிள்ளைகளுக்கு இசை நாடகமும் நகைச்சுவையும் சொல்லிக்கொடுப்பது எப்படி?

"பள்ளி ஆண்டு விழாவுக்குப் பாட்டும் சிரிப்புமாக ஒரு நாடகம் போடச் சொல்லியிருக்கிறார்கள். 10 வயதிலிருந்து 15 வயது வரை 18 பிள்ளைகள். பாதிப் பேருக்குப் பாட வராது. காமெடி என்றால் டிவியில் பார்த்ததை அப்படியே செய்து காட்டுகிறார்கள். கையில் 3 மாதம் இருக்கிறது. எங்கிருந்து தொடங்குவது, எந்த நாடகத்தை எடுப்பது?" என்று ஒரு ஆசிரியை கேட்டிருக்கிறார். நான் மதுரைப் பக்கம் 15 வருடமாகக் கோடை விடுமுறையிலும் சனி ஞாயிறுகளிலும் பிள்ளைகளுக்கு நாடகம் சொல்லிக்கொடுக்கிறேன். ஊர்களில் விடிய விடிய நடக்கிற பாட்டு நாடகமான ஸ்பெஷல் நாடகத்தில் வாசித்த ஒரு ஆர்மோனியக்காரரிடமும், வடக்கே ஒரு கூத்து வாத்தியாரிடமும் கற்றுக்கொண்டது என் முதலீடு. அதை வைத்துச் சொல்கிறேன்.

முதலில் ஒன்று, டீச்சர். பாட்டுக்கு ஒரு நாள், காமெடிக்கு ஒரு நாள் என்று பிரித்து வகுப்பு வைக்காதீர்கள். பாட வருகிறவர்களை ஒரு பக்கமும் சிரிக்க வைக்கிறவர்களை இன்னொரு பக்கமும் உட்கார வைக்காதீர்கள். நம் மேடையில் இரண்டும் ஒரே ஆளிடம்தான் இருந்தது. ஸ்பெஷல் நாடகத்தில் பபூன், அதாவது கோமாளி, வருவதைப் பார்த்திருக்கிறீர்களா? ராத்திரி 10 மணிக்கு மேல், ஜனங்கள் இன்னும் பாய் விரித்து இடம் பிடித்துக்கொண்டிருக்கும்போது தனியாக மேடைக்கு வருவார். கதை தொடங்கியிருக்காது. கதாநாயகனான ராஜபார்ட்டும் கதாநாயகியான ஸ்திரீபார்ட்டும் உள்ளே வேடம் போட்டுக்கொண்டிருப்பார்கள். அந்தச் சளசளப்பை அடக்குவது பபூன் வேலை. ஜோக் சொல்லி அடக்க முடியாது, யாரும் கேட்கவே மாட்டார்கள். அவர் முதலில் சுருதி பிசகாமல் ஒரு பாட்டை எடுப்பார். கூட்டம் திரும்பிப் பார்க்கும். அப்புறம்தான் பேச்சு. பாட்டுத் தெரியாத பபூனுக்கு அந்த ராத்திரி ஓடாது.

சினிமாவுக்கு வந்தவர்களைப் பாருங்கள். என்.எஸ். கிருஷ்ணன் பாடினார், வில்லுப்பாட்டும் சொன்னார். சந்திரபாபு தன் பாட்டைத் தானே பாடி ஆடினார். மனோரமா 'பள்ளத்தூர் பாப்பா'வாக மேடையில் இருந்த நாளிலிருந்தே பாட்டும் வசனமும் கலந்துதான் வளர்ந்தார். இவர்கள் எல்லோரிடமும் பேச்சிலேயே ஒரு தாளம் இருக்கும். அந்தத் தாளத்தைத்தான் பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டும். ஜோக்குகளை அவர்களே கொண்டுவருவார்கள்.

இதைச் சொல்லிக்கொடுக்க நம்மிடம் ஒரு பெரிய முன்மாதிரியே இருந்தது: சிறுவர்களையே நடிக்க வைத்த பாய்ஸ் கம்பெனிகள். நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1918-இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கியபோது டி.கே. சண்முகத்துக்கு 6 வயது. அண்ணன்மாரோடு அந்தக் கம்பெனியில் சேர்ந்தார். பிறகு அந்தச் சகோதரர்களே தனிக் கம்பெனி நடத்த, நாகர்கோவில் பக்கத்து என்.எஸ். கிருஷ்ணன் அதில் வந்து சேர்ந்தார். மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் எம்.ஜி.ஆரும் அண்ணன் சக்கரபாணியும், யதார்த்தம் பொன்னுசாமிப் பிள்ளை கம்பெனியில் சிவாஜி, நவாப் ராஜமாணிக்கம் கம்பெனியில் நம்பியார் என்று ஒரு தலைமுறையே சிறுவர்களாக மேடையேறித்தான் வந்தது.

அங்கே பையன் சேர்ந்த உடனே வேடம் கிடைக்காது. கும்பலோடு கும்பலாக நிற்க வேண்டும். வாத்தியார் ஒரு வரி சொல்ல, எல்லோரும் திருப்பிச் சொல்லிப் பாடம் ஏற்றிக்கொள்ள வேண்டும். தன் வேடத்தின் வசனம் மட்டும் தெரிந்தால் போதாது, நாடகம் முழுக்கக் காதில் இருக்க வேண்டும். ஒருவனுக்குக் காய்ச்சல் வந்தால் அன்று ராத்திரியே இன்னொருவன் அந்த வேடத்தில் நிற்பான். சுவாமிகள் இந்தச் சிறுவர்களுக்கென்றே எழுதினார். 'அபிமன்யு சுந்தரி'யை ஒரே இரவில் எழுதி முடித்தார் என்று டி.கே. சண்முகம் 'எனது நாடக வாழ்க்கை'யில் சொல்கிறார். பிள்ளைகளின் குரலையும் மூச்சையும் தெரிந்து எழுதியவர் என்பதை அவர் பாட்டுகளைப் பாட வைத்துப் பார்த்தால் புரிந்துகொள்ளலாம்.

காளி என். ரத்தினம் என்று ஒருவர். ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் பையன்களுக்கு நடிப்புச் சொல்லிக்கொடுத்த வாத்தியார். எம்.ஜி.ஆர். தன் குரு என்று சொன்னவர். அதே மனிதர்தான் 1941-இல் வந்த 'சபாபதி' படத்தில் அசட்டு வேலைக்காரனாக வந்து எல்லோரையும் சிரிக்க வைத்தார். பம்மல் சம்பந்த முதலியாரின் நாடகம் அது. அந்த வேலைக்காரனைக் கவனித்தால் தெரியும்: எந்த இடத்திலும் அவர் சிரிப்பு மூட்ட முயல்வதில்லை. எஜமான் சொன்னதை அப்படியே நம்பிச் செய்கிறார். பாய்ஸ் கம்பெனியில் பாடம் நடத்தியவருக்கு அது தெரிந்திருக்கிறது.

அந்தக் கம்பெனிகளில் அடியும் இருந்தது. வீட்டை விட்டு வந்த சின்னப் பிள்ளைகள், பிரம்பு, தூக்கமில்லாத ராத்திரிகள். பாடத்தை எடுத்துக்கொள்வோம், பிரம்பை அங்கேயே விட்டுவிடுவோம். பயந்த பிள்ளை பாட்டை ஒப்பித்துவிடும். சிரிக்க வைக்க அதனால் முடியாது, உடம்பு விறைத்துப்போய் நிற்கும். கத்துகிற வாத்தியாரிடம் நல்ல காமெடியன் உருவானதை நான் பார்த்ததில்லை.

சரி, முதல் வகுப்புக்கு வருவோம். வசனத் தாளைக் கொடுக்காதீர்கள். காதிலிருந்து தொடங்குங்கள். நான் வில்லுப்பாட்டில் வரும் 'ஆமாம்' போடுகிறவரை வைத்துத் தொடங்குவேன். ஒரு பிள்ளை தன் வீட்டில் நேற்று நடந்ததைச் சொல்ல வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் ஒவ்வொரு வரிக்கும் 'ஆமா', 'அப்படியா', 'அடடா', 'பிறகு?' என்று ஏதாவது ஒன்றைப் போட வேண்டும். வேறு எதுவும் பேசக்கூடாது. பார்க்க எளிதாக இருக்கும். ஆனால் 'ஆமா' கொஞ்சம் முந்தினால் கதை சொல்பவர் தடுமாறுவார், பிந்தினால் கதை தொய்ந்துபோகும். 'எங்க அப்பா இட்லியில் உப்பு இல்லைன்னு சொன்னார்' என்கிற சாதாரண வரிக்குச் சரியான இடத்தில் ஒரு 'அடடா' விழுந்தால் வகுப்பே சிரிக்கும். யார் சிரிக்க வைத்தது, சொன்னவரா கேட்டவரா என்று பிள்ளைகளிடம் கேளுங்கள். அவர்களே விவாதிப்பார்கள். பாட வராத பிள்ளைகளில் பலர் இந்த 'ஆமா'வில் கெட்டிக்காரர்களாக இருப்பார்கள். பாதிப் பேருக்குப் பாட வராது என்றீர்களே, அந்தப் பாதி இங்கேதான் மேலே வரும்.

இரண்டாவது வாரம் தாளம். ஆதி தாளம் போடத் தெரிந்தால் போதும்: ஒரு தட்டு, மூன்று விரல், அப்புறம் தட்டு வீச்சு, தட்டு வீச்சு. எட்டு எண்ணிக்கை. நான் செய்கிற பயிற்சி ஒன்றைக் கிட்டத்திலிருந்து காட்டுகிறேன். ஒருவர் வாத்தியார், ஒருவர் மாணவன்.

வாத்தியார்: "நேத்து ஏன்டா வரல?"

மாணவன்: "நான் வந்தேன் சார். நீங்கதான் லீவு."

வகுப்பு முழுவதும் தாளம் போடுகிறது. கேள்வி முதல் நான்கு எண்ணிக்கைக்குள் முடிய வேண்டும். முதல் தடவை, பதில் ஐந்தாவது எண்ணிக்கையில், அதாவது விரல் எண்ணி முடிந்ததும் வரும் தட்டில் எடுக்க வேண்டும். சுமாராக இருக்கும். இரண்டாவது தடவை பதிலைத் தள்ளி ஏழாவது எண்ணிக்கையில், அதற்கு அடுத்த தட்டில் எடுக்கச் சொல்லுங்கள். அந்த இரண்டு எண்ணிக்கையில் மாணவன் தலையைக் கொஞ்சம் நிமிர்த்தி வாத்தியாரைப் பார்க்கட்டும், வேறொன்றும் செய்ய வேண்டாம். சிரிப்பு வரும். மூன்றாவது தடவை ஒரு ஆவர்த்தனம், அதாவது எட்டு எண்ணிக்கையும், முழுக்கச் சும்மா இருந்து, அடுத்த சமத்தில், அதாவது அடுத்த சுற்றின் முதல் தட்டில், பதில் சொல்லட்டும். போன வருடம் ஒரு வகுப்பில் இதைச் செய்தபோது பதில் வரும் முன்பே சிரிப்பு வந்துவிட்டது. 11 வயதுப் பெண் ஒருத்தி, "அவன் பொய் சொல்லப் போறான்னு முகத்துலயே தெரிஞ்சிடுச்சு, அதான்" என்றாள். அதற்கு மேல் அந்த வகுப்பில் நான் விளக்க ஒன்றும் இல்லை. காத்திரு, பொறு, உடனே பேசாதே என்று நூறு தடவை சொன்னாலும் பிள்ளைக்குப் பிடிபடாது. ஏழாவது எண்ணிக்கையில் எடு என்றால் பிடித்துக்கொள்ளும். இரண்டு மூன்று வாரத்தில் கையில் தாளத்தை விட்டுவிடலாம், அது உள்ளே ஓடிக்கொண்டிருக்கும்.

ஸ்பெஷல் நாடகத்தில் இதற்கு இன்னொரு துணையும் உண்டு. பபூன் ஒரு வார்த்தையை விட்டதும் டோலக்கிலோ, பல தாள வாத்தியங்களை ஒருவரே வாசிக்கிற ஆல்ரவுண்டிலோ ஒரு அடி விழும். விழுந்தார் என்றால் ஒரு சத்தம், முறைத்தார் என்றால் ஒரு சத்தம். உங்கள் 18 பேரில் ஒருவரை அந்த இடத்துக்கு வையுங்கள். ஒரு டோலக், ஒரு எவர்சில்வர் தட்டு, ஒரு விசில் போதும். மேடைக்கு வரக் கூச்சப்படுகிற பிள்ளையை அங்கே உட்கார வைத்தால், நாடகத்தின் சிரிப்பு பாதி அந்தப் பிள்ளை கையில்தான் இருக்கும்.

அடுத்தது தர்க்கம். இதில் நீங்கள் எவ்வளவு நாள் செலவழித்தாலும் தகும். 'வள்ளி திருமண'த்தில் நாரதருக்கும் வள்ளிக்கும், பிறகு வேடனாக வந்த முருகனுக்கும் வள்ளிக்கும் நடக்கிற பாட்டுச் சண்டையைக் கேட்கத்தான் ஊர்ஜனம் விடிய விடிய உட்கார்ந்திருக்கும். ஒருவர் பாட்டில் ஒரு கேள்வியைப் போடுவார். மற்றவர் அதே மெட்டில், அவர் விட்ட சொல்லைப் பிடித்து மடக்குவார். ஸ்பெஷல் நாடகத்துக்குச் சேர்ந்து ஒத்திகை கிடையாது. ராஜபார்ட் ஒரு ஊர், ஸ்திரீபார்ட் ஒரு ஊர், ஆர்மோனியம் ஒரு ஊர். மேடையில்தான் சந்திப்பார்கள். அதனால் எதிராளி பாடுவதைக் காது கொடுத்துக் கேட்டே ஆக வேண்டும்.

பிள்ளைகளுக்குப் பழைய தர்க்கத்தைக் கொடுத்து உருப்போட வைப்பதை விட, அவர்களையே ஒன்று கட்டச் சொல்லுங்கள். எங்கள் வகுப்பில் மாந்தோப்புக்காரருக்கும் மாங்காய் திருடிய பையனுக்கும் ஒரு தர்க்கம் கட்டினார்கள். நான் மெட்டு மட்டும் ஆர்மோனியத்தில் வாசித்தேன்.

தோப்புக்காரர்: மதிலேறி வந்தவனே, மடியிலே என்ன?

பையன்: மழையிலே நனைந்துபோன மனசுதான் ஐயா!

தோப்புக்காரர்: மனசென்ன பச்சையா? காம்போடு இருக்குமா?

பையன்: படிக்காத மனசு ஐயா, பழுக்கவே இல்லை!

கடைசி வரி வந்தபோது அதைக் கட்டிய பையனே விழுந்து விழுந்து சிரித்தான். அங்கே நிறுத்தி ஒன்று சொன்னேன்: உன் வரிக்கு நீ சிரித்தால் அவர்கள் சிரிக்க ஒன்றும் மிச்சம் இருக்காது, நீ மாட்டிக்கொண்ட பையன், உனக்கு இப்போது பயமாக இருக்க வேண்டும். அடுத்த தடவை மடியைக் கையால் பொத்திக்கொண்டு, அழுகிற மாதிரி குரலில் அதே வரியைப் பாடினான். வராந்தாவில் நின்ற பெற்றோர்கள் சிரித்ததில் ஒத்திகையை நிறுத்த வேண்டியதாயிற்று.

இன்னொன்றும் கவனியுங்கள். அந்த வரிக்குச் சிரிப்பு வந்ததற்குத் தோப்புக்காரராக நடித்த பிள்ளைக்கும் பங்கு உண்டு. 'காம்போடு இருக்குமா' என்று அவள் நிஜமான கோபத்தோடு கேட்டதால்தான் அடுத்தது எடுபட்டது. அவளும் சிரிப்புக்காக ஒரு கோணங்கி முகம் காட்டியிருந்தால் எல்லாம் போயிருக்கும். கோபக்கார வேடம் போடுகிற பிள்ளை, 'எனக்கு மட்டும் ஜோக்கே இல்லையே' என்று வருத்தப்படும். சிரிப்பு உன் கேள்வியில்தான் பிறக்கிறது என்று அந்தப் பிள்ளையிடம் எல்லோர் முன்னாலும் சொல்லுங்கள். வாரத்துக்கு ஒரு தடவை இரண்டு பேரும் வேடம் மாற்றிச் செய்யட்டும்.

டிவி காமெடியை அப்படியே செய்கிறார்கள் என்றீர்கள். அதைத் தடுக்க வேண்டாம், அதுவும் ஒரு கேள்வி ஞானம்தான். பார்த்ததை வைத்துத்தான் பிள்ளைகள் தொடங்குவார்கள். ஆனால் அதோடு சேர்ந்து வருகிற சில விஷயங்களை முதல் நாளே வாசலில் நிறுத்திவிடுங்கள்: குண்டு, கறுப்பு, வழுக்கை, திக்குவாய், ஒருவரின் சாதியைக் காட்டுகிற பேச்சு, ஆண் பிள்ளை சேலை கட்டினாலே சிரிப்பு என்கிற எண்ணம். ஏன் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். வகுப்பில் பருமனான ஒரு பிள்ளை இருக்கும். அது மற்றவர்களோடு சேர்ந்து சிரிக்கும், வீட்டுக்குப் போய் அழும். ஸ்பெஷல் நாடகப் பபூனின் இரட்டை அர்த்தப் பேச்சும் அப்படித்தான். அது பெரியவர்களின் நள்ளிரவு மேடைக்கு உரியது. அவரிடமிருந்து பாட்டை, நடையை, கூட்டத்தைப் பிடிக்கிற வித்தையை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

அப்புறம் யாரைப் பார்த்துச் சிரிப்பது? அதற்குத் தெருக்கூத்தின் கட்டியக்காரனை அழைத்து வாருங்கள். கூத்தில் ராஜா நேராக மேடைக்கு வந்துவிட மாட்டார். இரண்டு பேர் ஒரு திரையைப் பிடித்திருப்பார்கள். அவர் பின்னால் நின்று பாடுவார், கிரீடம் மட்டும் தெரியும். முன்னால் நிற்கும் கட்டியக்காரன், நீ யாரய்யா, எந்த ஊர், எதற்கு வந்தாய் என்று குறுக்கே கேள்வி கேட்டுக்கொண்டே இருப்பான். அவன் ராஜாவின் சேவகன், ஆனால் ஜனங்களின் வாய். துரியோதனனாக இருந்தாலும் அவனுக்குப் பதில் சொல்லித்தான் உள்ளே வர வேண்டும்.

வகுப்பில் இதற்கு ஒரு பழைய போர்வை போதும். இரண்டு பிள்ளைகள் பிடிக்கட்டும். பின்னால் ஒரு பிள்ளை 'நானே மகாராஜா' என்று ஏதாவது இரண்டு வரி பாடட்டும். முன்னால் கட்டியக்காரன்: "மகாராஜாவா? ரேஷன் கார்டு இருக்கா?" ராஜா கோபப்படலாம், கெஞ்சலாம், ஆனால் பாடுவதை நிறுத்தக்கூடாது, சுருதியை விடக்கூடாது. கேள்வியால் தாளம் தவறினால் மறுபடி முதலிலிருந்து. பாட்டையும் சிரிப்பையும் ஒரே நேரத்தில் பழக்க இதை விட நல்ல பயிற்சி எனக்குத் தெரியாது. 10 வயதுப் பிள்ளை தலைமையாசிரியரை, மந்திரியை, அப்பாவை, போன் விற்க வருகிறவரை எல்லாம் போர்வைக்குப் பின்னால் நிறுத்திக் கேள்வி கேட்கும். கேட்கவும் நாம் தயாராக இருக்க வேண்டும். என்னையும் நிறுத்தியிருக்கிறார்கள்.

கட்டியக்காரன் வேடத்தைப் பெண் பிள்ளைகளுக்கும் கட்டாயம் கொடுங்கள். பபூன் என்றாலே ஆண் என்று நம் மேடை பழகிவிட்டது. காஞ்சிபுரம் பக்கத்தில் புஞ்சரசந்தாங்கலில் பி. ராஜகோபாலும் ஹன்னே டி ப்ரூயினும் 2002-இல் தொடங்கிய கட்டைக்கூத்து குருகுலத்தில், பள்ளிப் படிப்போடு கூத்தும் கற்ற பெண் பிள்ளைகள் கிரீடமும் தோளணியான புஜகீர்த்தியும் கட்டி ஆடினார்கள். ஆண்கள் மட்டுமே விடிய விடிய ஆடிவந்த கலை அது. உங்கள் பள்ளி மேடையில் ஒரு பெண் கட்டியக்காரியாக நின்று ராஜாவை மடக்குவது பெரிய காரியம் இல்லை.

குரல் பற்றிச் சொல்ல வேண்டும், இதில் பலர் தவறு செய்கிறார்கள். 12 வயதுக்குக் கீழே இருக்கிற பிள்ளைகளுக்கு 5 கட்டை, ஐந்தரைக் கட்டை சுகமாக இருக்கும் (கட்டை என்பது சுருதியின் உயரம், எண் கூடினால் உயரமும் கூடும்). அப்பா பாடுகிற கட்டையில் வைத்தால் கீழே குரல் காற்றாகப் போகும். சினிமாப் பாட்டை அதன் சுருதியிலேயே பாட வைப்பதும் பிள்ளைகளின் தொண்டைக்கு ஆகாது. மைக் இல்லாத காலத்து மேடைக்காரர்கள் உச்சக் கட்டையில் கத்திப் பாடியதையும் இன்று கேட்கத் தேவையில்லை. கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டியது வார்த்தை. காமெடிப் பாட்டில் ஒரு சொல் விழுங்கப்பட்டால் அந்த இடத்துச் சிரிப்பு அவ்வளவுதான். அதனால் பாட்டை முதலில் பேச வைத்து, பிறகு தாளத்தோடு பேச வைத்து, கடைசியில் பாட வையுங்கள்.

13, 14 வயதுப் பையன்களுக்கு மகரக்கட்டு உடையும். நேற்று வரை கணீரென்று பாடியவன் இன்று மேல் பஞ்சமத்துக்குப் போனால் குரல் இரண்டாகப் பிளக்கும். பாய்ஸ் கம்பெனிகளில் இது ஒரு பையனின் வாழ்க்கையையே புரட்டிப்போட்ட விஷயம். ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் பாடிக்கொண்டிருந்த பி.யு. சின்னப்பா குரல் உடைந்து கம்பெனியை விட்டு வெளியே வந்தவர். சிலம்பம், எடை தூக்குதல் என்று உடம்பைத் தேற்றிக்கொண்டு திரும்பி வந்து, பாடி நடிக்கிற பெரிய நட்சத்திரமானார். உங்கள் பையனுக்கு அந்த அலைச்சல் வேண்டாம். குரல் உடைகிற மாதங்களில் உயரப் பாடச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். கட்டையைக் குறைத்துக் கும்பல் பாட்டில் நிறுத்துங்கள். வசன வேடம், டோலக், கட்டியக்காரன் என்று ஏதாவது ஒன்றை முழுமையாகக் கொடுங்கள். உடைந்த குரலை ஜோக்காக மட்டும் ஆக்கிவிடாதீர்கள், அவனே விரும்பிச் செய்தாலும் சரி. எங்கள் வகுப்பில் அப்படி ஒருவன் பாட்டை விட்டுவிட்டுப் போகப் பார்த்தான். ஆல்ரவுண்டில் உட்கார வைத்தேன். மற்றவர்கள் எந்த எண்ணிக்கையில் பதில் எடுக்கிறார்கள் என்று என்னை விட அவனுக்கு நன்றாகத் தெரியும் என்ற நிலை வந்தது. இரண்டு வருடம் கழித்து ஒன்றரைக் கட்டையில் பாட வந்தான்.

இனி, உங்களிடம் கெஞ்சிக் கேட்கிற ஒரு விஷயம். கரோக்கி டிராக் வேண்டாம். தெரியும், ஆண்டு விழாவில் எல்லாமே பென் டிரைவில்தான் வருகிறது, ஆர்மோனியக்காரரைக் கூப்பிடுவதை விட அது சுலபம். ஆனால் டிராக் யாருக்கும் காத்திருக்காது. கூட்டம் சிரிக்கும்போது அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும், பிள்ளை அடுத்த வரியைச் சிரிப்புக்குள்ளேயே பாடித் தொலைக்க வேண்டும். இரண்டு தடவை அப்படி ஆனால், சிரித்தால் ஒன்றும் கேட்காது என்று கூட்டம் சிரிப்பையே அடக்கிக்கொள்ளும். ஆர்மோனியக்காரர் என்றால் சிரிப்பு அடங்கும் வரை அந்த இரண்டு சுரத்தையே சுற்றிச் சுற்றி வாசித்துக்கொண்டிருப்பார், பிள்ளை மூச்சு வாங்கிக்கொண்டு எடுக்கலாம். எங்கள் பக்கம் அவரை ஆர்மோனியப் பின்பாட்டு என்றே சொல்வார்கள். பிள்ளை வரியை மறந்தால் அவர் பாடி எடுத்துக்கொடுப்பார். ஒரு கீபோர்டு வாசிக்கிற பத்தாம் வகுப்பு மாணவி இருந்தாலும் போதும். அவள் முதல் நாளிலிருந்தே ஒத்திகையில் இருக்க வேண்டும், கடைசி வாரம் வந்து சேர்ந்தால் ஆகாது.

எந்த நாடகம் என்று கேட்டீர்கள். 'வள்ளி திருமண'த்தை முழுசாக எடுக்காதீர்கள், அது ஒரு ராத்திரிக் கதை. அதிலிருந்து வள்ளி தினைப்புனத்தில் பறவை விரட்டுகிற ஆலோலக் காட்சியையும் கிழவர் வேடத்துக் காட்சியையும் எடுத்து 20 நிமிடமாகச் செய்யலாம். முருகன் கிழவராக வந்து தேனும் தினைமாவும் சாப்பிட்டு விக்கல் எடுக்கிற இடம் பிள்ளைகளுக்கென்றே செய்து வைத்த மாதிரி இருக்கும். விக்கலைத் தாளத்தில் போடச் சொல்லிப் பாருங்கள். 'சபாபதி' போல எஜமான் வேலைக்காரன் காட்சிகளும் நன்றாக வரும், ஆனால் அதில் பாட்டை நீங்கள்தான் சேர்க்க வேண்டும். எனக்குப் பிடித்தது மூன்றாவது வழி: தெனாலிராமன் கதையோ, உங்கள் ஊர்க் கதையோ ஒன்றை எடுத்து, பிள்ளைகளே தர்க்கம் கட்டி, கட்டியக்காரனை நடுவில் விட்டு, 35 நிமிடத்தில் முடிப்பது. 18 பேருக்கும் வேலை இருக்கும். புதுச்சேரியில் வேலு சரவணன் குழந்தைகளுக்கு நாடகம் போடும்போது பார்க்கிற பிள்ளைகளையும் ஆட்டத்துக்குள் இழுத்துவிடுவார். வாய்ப்புக் கிடைத்தால் உங்கள் பிள்ளைகளை அழைத்துப்போய்க் காட்டுங்கள்.

கடைசி 3 வாரம் ஒத்திகையைத் தனியறையில் வைக்காதீர்கள். நாங்களே பார்த்துப் பார்த்து எங்களுக்குச் சிரிப்பு வருவதில்லை, ஜோக் செத்துவிட்டது என்று பிள்ளைகள் வரியை மாற்றத் தொடங்குவார்கள். வாரம் ஒரு புது ஆளைக் கூட்டிவந்து உட்கார வையுங்கள்: சத்துணவு அக்கா, வாட்ச்மேன், மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள். மூன்றாம் வகுப்பு எங்கே சிரிக்கிறது, வாட்ச்மேன் எங்கே சிரிக்கிறார் என்று பிள்ளைகள் குறித்துக்கொள்ளட்டும். சிரிப்பு வரும்போது எப்படி நிற்பது என்பதையும் அப்போதுதான் பழக முடியும். அசையாமல், வேடத்தை விடாமல், சிரிப்பு உச்சிக்குப் போய் இறங்கத் தொடங்கும்போது அடுத்த வரி. முழுக்க அடங்கும் வரை காத்திருந்தால் மேடை ஆறிப்போகும். சிரிப்பு வரும் என்று நினைத்த இடத்தில் வரவில்லை என்றால், ஒன்றுமே நடக்காத மாதிரி அடுத்த எண்ணிக்கையில் போய்விட வேண்டும், அதே வரியைத் திரும்பச் சொல்லக்கூடாது. இதையும் ஒத்திகை பாருங்கள். பார்க்கிறவர்களைச் சிரிக்காமல் உட்காரச் சொல்லி ஒரு தடவை முழு நாடகத்தையும் ஓட்டுங்கள். பிள்ளைகளுக்கு அது கஷ்டமாக இருக்கும், ஆனால் விழா அன்று முதல் 5 நிமிடம் கூட்டம் நாற்காலி இழுத்துக்கொண்டிருந்தாலும் பயப்பட மாட்டார்கள்.

விழா முடிந்த மறுநாள் ஒரு வகுப்பு வையுங்கள், டீச்சர். பெரும்பாலும் யாரும் வைப்பதில்லை. எல்லோரும் தரையில் வட்டமாக உட்கார்ந்து, எதிர்பாராத எந்த இடத்தில் சிரிப்பு வந்தது என்று ஆளுக்கு ஒன்று சொல்லட்டும். ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். என்னிடம் அப்படி 11 நோட்டு இருக்கிறது. அடுத்த வருடப் பிள்ளைகளுக்கு நான் முதலில் கொடுப்பது அதைத்தான்.